அடித்தல் ஒன்று, திருத்தல் ஒன்று

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு உன் அம்மா. மற்றபடி இருவரும் சௌக்கியம். போன வாரம் நீ மெல்போர்னிலிருந்து கூப்பிட்டு, "அப்பா, பி.ஆர். கிடைச்சிருச்சுப்பா, இனிமே யாரும் என்னை இங்கேருந்து போகச் சொல்ல முடியாது" என்று சொன்னாய். நான் "சரிம்மா, உடம்பைப் பார்த்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் நீட்டிவிட்டேன். இரண்டு வருஷமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த சேதிக்கு ஒரு அப்பன் சொன்ன பதில் அது. உன் அம்மா அழுதாள், சிரித்தாள், அழுகையின் நடுவிலேயே அங்கே முருங்கைக்கீரை கிடைக்கிறதா என்று விசாரித்தாள். நான் கொல்லைக்குப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். அது ஏற்கெனவே குடித்திருந்தது. என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

முப்பத்தைந்து வருஷம் திருவாரூரில் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதியவன் நான். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடும் வயலும் என் கையெழுத்தில் கைமாறியிருக்கின்றன. ஆனால் வாயைத் திறந்து சொந்தமாக நாலு வார்த்தை பேசச் சொன்னால் எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு நீ ஊருக்கு வருகிறாய். வாசலில் வந்து நின்றாலும் மறுபடி "உடம்பைப் பார்த்துக்க" என்றுதான் சொல்வேன். அதனால் அதற்குமுன் இது உன் கையில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம். கல்யாண வயதில் பெண் இருக்கிற அப்பன் எவனாவது இருந்தால் அவனுக்குக் கட்டாயம் காட்டு.

முதல் தப்பு கல்யாணத்துக்கு முன்னாலேயே நடந்தது. அப்போது நம்ம பக்கம் மாப்பிள்ளை என்றாலே கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்றாலே வெளிநாடு. சபையில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஒருத்தர் டல்லாஸ் என்பார், ஒருத்தர் துபாய் என்பார், நான் மட்டும் நன்னிலம் என்று சொல்லிக்கொண்டு நிற்பேன். அந்த நேரத்தில்தான் பேராவூரணிப் பக்கத்திலிருந்து அந்த வரன் வந்தது. பையன் ஆஸ்திரேலியாவில் வேலை, குடும்பத்துக்குத் தென்னந்தோப்பு. நான் என்ன செய்தேன்? தொழில் புத்தி. அந்தத் தோப்புக்கு முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். அடமானம் இல்லை, வழக்கு இல்லை, பாகப்பிரிவினை சுத்தம், பட்டாவும் சரி. இவ்வளவு சுத்தமான சொத்தை நான் பார்த்ததே இல்லை என்று உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "நாம தோப்பையா கட்டிக் கொடுக்கப் போறோம்?" என்று அவள் கேட்டாள். அதை ஒரு நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன்.

பையன் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது நாங்கள் அவன் வீட்டுக்குப் போயிருந்த அன்று அவனுடைய அம்மா காபி கொண்டுவந்தார். தட்டில் கொஞ்சம் சிந்திவிட்டது. பையன் ஒன்றும் சொல்லவில்லை, சும்மா ஏறிட்டுப் பார்த்தான். அவ்வளவுதான், அந்த அம்மாவின் கை நடுங்க ஆரம்பித்தது. திரும்பி வரும் பஸ்ஸில் உன் அம்மா என் காதில் சொன்னாள்: "அந்தம்மா கை நடுங்குச்சே, கவனிச்சீங்களா?" நான், "சர்க்கரை வியாதியா இருக்கும்" என்றேன். டாக்டருக்குப் படித்தவன் மாதிரி சொன்னேன். உன் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் பட்டுக்கோட்டை தாண்டி மன்னார்குடி வந்து சேர்ந்தது. அதற்குள் நான் மனசுக்குள் பந்தலே போட்டு முடித்துவிட்டேன்.

அதற்குப்பின் நடந்தது உனக்குத்தான் முழுதாகத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு நாள் நீ கையில் ஒரு துணிப்பையும் ஒரு பிரஷர் குக்கரும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டைவிட்டு வெளியே வந்து, கூட வேலை பார்க்கும் பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டினாய் என்பது. பாஸ்போர்ட் அவனிடம் இருந்தது. அதைப் பிறகு போலீஸ்தான் போய் வாங்கிக் கொடுத்தது. பாஸ்போர்ட்டை விட்டுவிட்டுக் குக்கரை எடுத்து வந்தது ஏன் என்று நான் கேட்டதற்கு, "அது அம்மா கொடுத்தது, பாஸ்போர்ட் கவர்மெண்ட் கொடுத்ததுதானே" என்றாய். உன் அம்மா அதை இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் பால்காரரிடமும் சொன்னாள்.

அவன் உன்னை மிரட்டிய விதம் ஒன்றுதான். "உன் விசா என் பேரைச் சொல்லி வந்தது. வாயைத் திறந்தா ஊருக்கு அனுப்பிடுவேன்." அது பாதி உண்மை என்பதுதான் கொடுமை. மனைவி என்ற பெயரில் தற்காலிகமாக வந்தவள் நீ. ஆனால் அந்த ஊர்ச் சட்டத்தில் இன்னொரு கதவு இருக்கிறது என்று உன் வக்கீலம்மா சொன்னார். புருஷன் கொடுமைப்படுத்தியதால் பிரிந்தாய் என்று நிரூபித்தால், அவன் தயவு இல்லாமலே நீ அங்கே நிரந்தரமாகத் தங்கலாம். நிரூபிக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். நீ ஊருக்குத் திரும்பி வருவதில் எனக்கு என்ன கஷ்டம்? ஆனால் அவன் சொன்னபடி நடந்துவிட்டது என்று ஆகிவிடும். முதியோர் இல்லத்தில் நீயாகத் தேடிக்கொண்ட வேலை, நீயாகப் பிடித்த ஒற்றை அறை, எல்லாம் அவன் வாயில் வந்த ஒரு சொல்லுக்காகப் போய்விடும். அதற்குத்தான் டாக்டர் சீட்டு, பக்கத்து வீட்டு அம்மாவின் வாக்குமூலம் என்று சேர்த்துக்கொண்டிருந்தாய். அப்பா அம்மாவும் தங்களுக்குத் தெரிந்ததை எழுதி அனுப்ப வேண்டும் என்றார் வக்கீலம்மா.

எழுதுவதா? நான் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பத்திரத்தில் யாரும் கெட்டவர் கிடையாது. சொத்து முழுவதையும் குடித்துத் தீர்த்தவன் கடைசி மனையை விற்க வந்தாலும் "எனது குடும்ப நன்மையை முன்னிட்டு" என்றுதான் எழுதுவோம். அண்ணனும் தம்பியும் மண்டையில் கட்டோடு வந்து பாகம் பிரித்தாலும் "நாம் ஏகமனதாகவும் மனப்பூர்வமாகவும்" என்றுதான் எழுதுவோம். சர்க்கார் பார்க்கிற காகிதத்தில் குடும்ப அசிங்கம் ஏறக் கூடாது. அப்படியே கை பழகிவிட்டது. அதனால் நான் என்ன எழுதினேன் என்றால், மேற்படி மணமகன் கண்ணியமான குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றும், மேற்படி தம்பதியர் சீரும் சிறப்புமாய் வாழ்ந்து வருகையில் சிற்சில மனவருத்தங்கள் நேரிட்டதாகவும், ஆகவே அதிகாரி அவர்கள் சமூகம் பெரிய மனது வைத்து என் மகளுக்கு நிரந்தர உரிமை வழங்க வேண்டுமென்றும் எழுதினேன். அதோடு விட்டேனா? போதகரிடம் ஒரு கையெழுத்து, தலைமையாசிரியரிடம் ஒரு கையெழுத்து, பஞ்சாயத்துத் தலைவரிடம் வட்ட முத்திரை. காகிதத்தில் எழுத்தைவிட முத்திரை அதிகம்.

நீ போன் செய்தாய். "அப்பா, இதைப் படிச்சா எனக்கே அவரோட திரும்பிப் போயிடலாம் போல இருக்கு" என்றாய். வக்கீலம்மா உன்னிடம், உன் அப்பா யார் பக்கம் என்று கேட்டாராம்.

இரண்டாவது முறை உன் அம்மா கட்டிலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவள் சொன்னதெல்லாம் சாபம். "அவன் கை அழுகிப் போகணும்னு எழுதுங்க" என்பாள். அதை அப்படியே எழுத என் கை கேட்குமா? "மேற்படியாரின் வலது கை மேற்படி குற்றத்தின் பொருட்டு அழுகிப்போகக் கடவது" என்று எழுதுவேன். இடது கையையும் சேர்க்கச் சொன்னாள். "வலது மற்றும் இடது" என்று திருத்தினேன். கடைசியில், எந்தப் பத்திரத்துக்கும் எல்லை போடாமல் எனக்குத் தூக்கம் வராது என்பதால், "வடக்கே வெட்டாறு, தெற்கே மண்சாலை, கிழக்கே கோயில் நிலம், மேற்கே வாய்க்கால், இந்நான்கெல்லைக்கு உட்பட்ட வீட்டில் பிறந்த என் மகள்" என்று முடித்தேன். அங்கே அதை மொழிபெயர்க்கிற பெரியவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் உன்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, இது வாக்குமூலமோ, இல்லாட்டி காணி விக்கிற உறுதியோ?" என்று கேட்டாராம்; உறுதி என்றால் அவர்கள் ஊரில் பத்திரமாம். சாபத்தையும் ஒரு வரி விடாமல் மொழிபெயர்த்திருந்தார், பாவம். வக்கீலம்மா பயந்துபோய், உன் அப்பா யாரையாவது வெட்டப் போகிறாரா என்று விசாரித்தார்.

பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்பினார். உங்கள் அப்பா தன் கண்ணால் என்ன பார்த்தார், தன் காதால் என்ன கேட்டார்? அது மட்டும் போதும்.

பாப்பா, அந்தக் கேள்வி வந்த பிறகு மூன்று நாள் நான் பேனாவைத் தொடவில்லை. கண்ணால் பார்த்தது அந்தக் காபித் தட்டும் ஒரு தாயின் நடுங்கும் கையும். காதால் கேட்டதும் ஒன்றுதான். அது என்ன என்று உனக்குத் தெரியும். உன் அம்மாவுக்கு அதுவரை தெரியாது.

ஆடி மாசம். மேட்டூர் திறந்து நாள் கணக்காக ஆகியும் கடைமடையான நம் வாய்க்காலில் மண்தான் காய்ந்துகொண்டிருந்தது. அன்று காலையில்தான் தண்ணீர் வந்துவிட்டது என்று தெருவில் சத்தம் கேட்டது. நான் மண்வெட்டியோடு வாசலில் இறங்கும்போது உன் போன் வந்தது. "அப்பா, அவர் என் மேல கை நீட்டுறார்ப்பா. இது மூணாவது தடவை" என்றாய். நான் கேட்ட முதல் கேள்வி, "நீ என்ன சொன்னே அவரை?" என்பது. "புது இடம், வேலை டென்ஷனா இருக்கும், கொஞ்சம் அனுசரிச்சுப் போ பாப்பா" என்றேன். "தண்ணி வந்துடுச்சும்மா, மேல்மடைக்காரன் அடைச்சுடுவான், அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஓடிப்போய் மடையைத் திறந்தேன். இரண்டு ஏக்கருக்கும் தண்ணீர் பாய்ந்தது. அப்புறம் நான் பேசவில்லை. உன் அம்மா கேட்டதற்கு, "பாப்பாதான் பேசினா, நல்லா இருக்கா" என்றேன். அதற்குப் பிறகு பதினோரு மாதம் நீ எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது என்று விட்டிருப்பாய். வெட்கமாக இருக்கிறது, பாப்பா. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது காகிதத்தில் அதை எழுதினேன். ஒரே பக்கம். மேற்படி இல்லை, முத்திரை இல்லை, எல்லைகூட இல்லை. எழுதிக்கொண்டே வந்தவன், அந்த போன் வந்த இடத்தில், "மகளுக்கு ஆறுதல் கூறினேன்" என்று எழுதிவிட்டேன். கை தானாகப் போட்ட சொல் அது. படித்துப் பார்த்தேன். நான் எங்கே ஆறுதல் கூறினேன்? எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தப்பு வந்தால் சுரண்டக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது, தாளை மாற்றி மழுப்பக் கூடாது. தப்பான சொல்லின் மேல், அது படிக்கும்படியாகவே, ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும். சரியானதைப் பக்கத்தில் எழுத வேண்டும். கையெழுத்துக்கு முன்னால் எந்த வரியில் எதை அடித்தோம், எதைத் திருத்தினோம் என்று குறிப்பு எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படியே செய்தேன். "ஏழாம் வரியில் 'ஆறுதல் கூறினேன்' என்பது அடித்தல். 'அனுசரித்துப் போகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்' என்பது திருத்தல்."

சாட்சிக் கையெழுத்து தேவையில்லை, நோட்டரி ஒருவர் முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நீ சொல்லியிருந்தாய். சாட்சி இல்லாத பத்திரத்தை நான் வாழ்நாளில் எழுதியதில்லை. காகிதத்தை உன் அம்மாவிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"நல்லா இருக்கான்னுதானே அன்னைக்குச் சொன்னீங்க?"

"ஆமா."

"தண்ணி வந்துச்சுன்னு வச்சிட்டீங்களா?"

"ஆமா."

அவள் இனிஷியலோடு முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "இதையாவது மாத்தாம அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு எட்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் மாட்டிடம் சொன்னாள். "சோறு எடுத்து வச்சிருக்குன்னு சொல்லு", "வேட்டி தோய்ச்சாச்சுன்னு சொல்லு" என்பாள். மாடு என்னைப் பார்க்கும். நான் போய்ச் சாப்பிடுவேன். அந்த மாடு அன்றிலிருந்துதான் என்னை ஒரு மாதிரி பார்க்கிறது.

காகிதம் போய்ச் சேர்ந்ததும் வக்கீலம்மாவுக்கு ஒரே சந்தேகம். தண்ணீர் வந்தது என்றால் வீட்டில் குழாய் உடைந்துவிட்டதா என்று கேட்டார். நீ மேட்டூரிலிருந்து ஆரம்பித்து, கல்லணை, வெட்டாறு, மேல்மடை, கடைமடை என்று படம் போட்டு விளக்கினாயாம். கடைசியில் அவருக்குக் காவிரிப் பிரச்சினை முழுவதும் புரிந்துவிட்டதாகச் சொன்னாய். அது முழுதாகப் புரிந்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். பிறகு தேதி கேட்டார். கடைமடைக்காரனுக்குப் பிள்ளை பிறந்த நாள் மறந்தாலும் மறக்கும், வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள் மறக்காது. நான் சொன்ன நாளும், நீ தோளில் வீக்கம் என்று டாக்டரிடம் போன சீட்டிலிருந்த நாளும் அடுத்தடுத்த நாட்கள்.

எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது என்றாய். பக்கத்து வீட்டு அம்மா சொன்னதாக இருக்கலாம், டாக்டர் சீட்டாக இருக்கலாம். ஆனால் வக்கீலம்மா உன்னிடம் சொன்னதை நீ எனக்குச் சொன்னாய். மொழிபெயர்த்தவர் அந்த அடித்தலையும் திருத்தலையும் குறிப்பையும் அப்படியே மொழிபெயர்த்திருந்தாராம். அதைப் படித்துவிட்டு வக்கீலம்மா, "பொய் சொல்கிற அப்பா யாரும் தன்னை இவ்வளவு மோசமாகக் காட்டிக்கொள்ள மாட்டார்" என்றாராம். இத்தனை வருஷத்தில் என் எழுத்துக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். சந்தோஷப்படுவதா, எங்கேயாவது போய் ஒளிந்துகொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நீ வரும்போது ஊர் கேள்வி கேட்கும். தயாராக இரு. என் அக்கா, உன் பெரியத்தை, வாசலிலேயே மடக்கி, "மாப்பிள்ளை வரலையாம்மா?" என்பார், அவருக்கு எல்லாம் தெரியும், உன் வாயால் கேட்க வேண்டும். நீ ஒன்றும் மழுப்ப வேண்டாம். "அடிச்சார், வந்துட்டேன்" என்று சொல். இரண்டே வார்த்தை. அதற்குமேல் கேட்டால் என்னைக் கைகாட்டு. நான் அவருக்கு வலது கை, இடது கை எல்லாம் விவரமாகச் சொல்கிறேன். போதகர் ஏதாவது ஆறுதலாக ஆரம்பித்தால் கேட்டுக்கொள், நல்ல மனுஷன், ஆனால் அனுசரிப்பு என்ற சொல் வந்தால் உன் அம்மா எழுந்து போய்விடுவாள், நீயும் கூடவே எழுந்து போகலாம். இனி உனக்கு யாரையாவது பிடித்தால் எங்களிடம் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. சொன்னால், நான் வில்லங்கம் போட்டுப் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்கிறேன். உன் அம்மா மட்டும் ஒரு காபி போட்டுக் கொடுத்து, கொஞ்சம் சிந்திப் பார்ப்பாளாம். முடிவு அவளுடையது, நான் அதில் தலையிடுவதாக இல்லை.

நிரந்தரமாகத் தங்க ஒரு தேசம் உனக்கு உரிமை கொடுத்துவிட்டது. அதை அவன் தயவில் வாங்கவில்லை, என் தயவிலும் வாங்கவில்லை. நீ குக்கரோடு வாசல் தாண்டியதில் பாதி வாங்கிவிட்டாய், மீதியை இரண்டு வருஷம் நின்று வாங்கினாய். இந்த வீட்டில் உனக்கு இருக்கும் உரிமைக்கு யாரிடமும் எந்தக் காகிதமும் காட்ட வேண்டியதில்லை. இதை அந்த ஆடி மாசத்திலேயே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தில் அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. பழையது ஒன்று மட்டும் குறிப்பு எழுதாமல் நிலுவையில் இருக்கிறது. கையெழுத்துக்கு முன்னால் அதை எழுதிவிடுகிறேன்.

வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று காலை, போனில் நான் சொன்னதில், "அனுசரிச்சுப் போ பாப்பா" என்பது அடித்தல். "கிளம்பி வந்துடு பாப்பா, அப்பா இருக்கேன்" என்பது திருத்தல்.

எழுதிக்கொடுப்பவர்: அப்பா.

சாட்சி: அம்மா. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது.

எழுதி வாங்குபவர் கையெழுத்துக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். அவசரமில்லை.